கிப்பன் அக்கா

சமையலறை வாசலுக்கு மேலே பொருத்திய இரும்புக் குழாயில் தொங்கியபடிதான் அக்கா காலையில் என்னிடம் பேசுவாள். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருக்கும். தரைக்கு ஒரு சாண் மேலே அவள் கால்கள் லேசாக ஆடும். பேச்சின் நடுவே ஒரு கையை விடுவித்து, நெற்றியில் விழும் முடிக்கற்றையைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மறுபடியும் குழாயைப் பிடிப்பாள். பால் பொங்கி விளிம்பைத் தொடும் நொடியில் குதித்து அடுப்பை அணைப்பாள். ஒருநாளும் வழிந்ததில்லை. ஒருநாளாவது வழியட்டும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றதுண்டு.

அக்கா உயிரியல் பூங்காவில் கிப்பன் என்னும் நீளக் கைக் குரங்குகளைப் பராமரிக்கிறாள். அங்கே யாரையும் சொந்தப் பெயரால் அழைக்கும் வழக்கம் இல்லை. பார்த்துக்கொள்ளும் பிராணிதான் பெயர். கரடிக்காரர், பாம்பு சார், நீர்யானை அண்ணன். என் அக்கா, கிப்பன் அக்கா. அந்தப் பெயர் பூங்கா வாசலோடு நிற்கவில்லை. பழக்கடையில், மருந்துக்கடையில், எங்கள் தெருவில் துணி தேய்ப்பவரிடத்தில் எல்லாம் அவள் கிப்பன் அக்காதான். பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். மேல்கம்பியில் நான்கு விரல்களை மாட்டிக்கொண்டு, வளைவுகளில் உடம்பைத் தளரவிட்டு ஆடிக்கொண்டே வருவாள். நடத்துனர் ஒருமுறை, “உக்காருங்கக்கா, டிக்கெட் வாங்கிட்டு நிக்கிறீங்களே” என்றார். “நான் வாங்குனது கம்பிக்கு, தம்பி” என்றாள். பேருந்தே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பேசியதற்கு எந்த ஊரிலும் யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

அவள் தோள்களுக்கு எந்தச் சட்டையும் சேராது. தையல்காரர் ஒவ்வொரு முறையும் அளவு நாடாவை முதுகுக்குக் குறுக்கே இழுத்துவிட்டு, “உடம்பு ஒருத்தரு, தோளு வேற ஒருத்தரா?” என்று கேட்பார். உள்ளங்கையில், நான்கு விரல்களின் அடியில் நான்கு காய்ப்புகள். கட்டைவிரல் மட்டும் குழந்தையின் விரல்போல மெத்தென்று இருக்கும். வாளியைத் தூக்கினாலும் பையைத் தூக்கினாலும் அதைச் சேர்க்க மாட்டாள். “கட்டைவிரல் எதுக்குடி குறுக்கே? அதுங்களைப் பாரு. கட்டைவிரலை ஓரமா ஒதுக்கிட்டு நாலு விரலைக் கொக்கி மாதிரி மாட்டும். அந்த வேகத்துல பிடிச்சுக்கிட்டு நிக்க நேரம் ஏது? மாட்டணும், விடணும்.”

நானும் அந்தக் குழாயில் தொங்கிப் பார்த்தேன். முதுகில் மூட்டையோடு மலைகளைத் தாண்டியவள் நான். இறங்கும்போது தோள் தனியாகக் கழன்று குழாயிலேயே தங்கிவிட்டதுபோல இருந்தது. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “பரவால்ல, பழகுனா வரும்” என்றாள். அந்தப் “பரவால்ல” எனக்கு இரண்டு நாள் செரிக்கவில்லை.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அவள் வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கிறேன். வந்த புதிதில் அக்கம்பக்கத்தினர் என்னைப் பார்க்க வந்தார்கள். எந்தெந்த நாடு, குளிர் எப்படி, தனியாகவா போனாய் என்று கேட்டார்கள். நான் நல்ல கதையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆரம்பிப்பதற்குள் அக்கா பக்கம் திரும்பி, “வாலு இன்னிக்குச் சாப்பிட்டாளா?” என்பார்கள். கடல் தாண்டி வந்தவளைவிட வாழைப்பழம் தின்ற குரங்குதான் பெரிய செய்தி.

வாலு ஒரு பெண் கிப்பன் குட்டி. கிப்பனுக்கு வாலே கிடையாது. அது செய்த சேட்டைக்கு அக்கா வைத்த பெயர் அது. யாரோ திருட்டுத்தனமாகக் கடத்திக்கொண்டுபோன பழக்கூடைக்குள், உள்ளங்கை அகலத்தில், மூச்சு மட்டும் மிச்சமிருந்த நிலையில் பிடிபட்டது. கிப்பன் குட்டி பிறந்ததும் தாயின் இடுப்பை இரண்டு கைகளாலும் சுற்றிக்கொள்ளும். தாய் மரத்துக்கு மரம் பாயும்போதும் விடாது. அந்த இடுப்பாக அக்கா இருந்தாள். வேலைக்கு, கடைக்கு, கழிப்பறைக்கு எங்கே போனாலும் இடுப்பில் வாலு. இரவில் வீட்டுக்கும் கொண்டுவர அனுமதி வாங்கியிருந்தாள்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சாந்தமான மனிதர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சாந்தம் போய்விடும். “கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, நான் கூப்பிட்டா ‘என்ன?’ன்னு திரும்பக் கூட மாட்டா. அது ‘ஊ’ன்னு ஒரு சத்தம் போட்டா போதும், தூக்கத்துலேருந்து எந்திரிச்சு பால் கலக்குறா. கட்டில்ல எனக்கும் இவளுக்கும் நடுவுல அது படுத்திருக்கும். ஒருநாள் நான் இவ தோள்ல கை வெச்சேன். என் கையை எடுத்து அந்தப் பக்கம் போட்டாச்சு.”

“இவளா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, அது!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் சிரிப்புக் கேட்டது. “உங்களுக்கு அவமேல பொறாமைங்க.”

“ஆமாடி, பொறாமைதான். எங்கிட்டயும் நீ ஒருநாளாவது அப்படிக் கொஞ்சியிருந்தா தெரியும்.”

எனக்கு அவர்கள் இருவர்மேலும் பொறாமையாக இருந்தது. இடையில் புகுந்து கையை எடுத்துப் போடக்கூட எனக்கு யாருமில்லை.

தூர தேசத்து மழைக்காட்டில் ஒரு குடிசையில் கிப்பன்களுக்காக நான் காத்துக் கிடந்திருக்கிறேன். விடியலில் அவற்றின் பாட்டு மலைக்கு மலை கேட்கும். அட்டை கடித்த கால்களோடு ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கிளை ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டிவிட்டுப் போனது இருக்காது. இதை ஒரு சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அக்கா தட்டிலிருந்து நிமிர்ந்து, “மூஞ்சியக்கூடப் பாக்கலையா? ஐயோ பாவம், நாளைக்கு எங்கூட வா” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் வயிறு எரிந்தது.

போனேன். பெரிய கூண்டு என்றால் கூண்டே அல்ல. இரண்டு பெரிய மரங்களையும் அவற்றின் நடுவே ஒரு வெட்டவெளியையும் வலையால் மூடிய இடம். அங்கே ஒரு ஜோடி இருந்தது. பெண்ணுக்கு மகாராணி என்று பெயர், ஆணுக்கு மாப்பிள்ளை. மகாராணி ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. கை, உடம்பைவிட நீளம். ஊஞ்சலை ஆட்டுவதுபோல உடம்பைப் பின்னால் இழுத்து, முழங்காலை மடக்கி, முன்னால் வீசியது. ஆட்டம் உச்சிக்குப் போனதும் பிடித்திருந்த கையை விட்டது. அந்த நேரத்தில் எதையும் பிடித்திருக்கவில்லை. இரண்டு கையும் காற்றில். அடுத்த மரத்தின் கிளை தானாக அதன் விரல்களுக்குள் வந்து மாட்டியதுபோலத் தோன்றியது. மாட்டிய வேகத்தையே எடுத்துக்கொண்டு அடுத்த வீச்சு. சத்தமே இல்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அக்கா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டே, “திமிரு பிடிச்சவ” என்றாள்.

அக்காவுக்கு மகாராணியைப் பிடிக்காது. மூன்று வேளையும் அதற்குப் பழம் நறுக்குகிறாள், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருக்கிறாள், ஆனாலும் பிடிக்காது. காரணம் எனக்கு அன்றே தெரிந்தது. மகாராணியின் குட்டி போன குளிரில் செத்துப்போயிருந்தது. அதிலிருந்து அது பெரிய கூண்டை ஒட்டிய பக்க அறையின் வலையில் வந்து அப்பிக்கொண்டு, உள்ளே இருக்கும் வாலுவையே பார்த்துக்கொண்டிருக்கும். கிப்பன் தனியாக வாழும் பிராணி அல்ல. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாகத்தான் இருக்கும். வாலுவை அந்த ஜோடியோடு சேர்த்துவிட வேண்டும் என்று பூங்காவின் டாக்டரம்மா முடிவு செய்திருந்தார். மழைக்காலத்துக்குள் சேராவிட்டால், வேறொரு பூங்கா கேட்டிருக்கிறது, அங்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே வேறு கிப்பன் கிடையாது. தனிக்கூண்டு, அவ்வளவுதான்.

அதற்காக அக்கா வாலுவுக்கு ஊசலாடக் கற்றுக்கொடுத்தாள். பக்க அறையின் கூரையில் வரிசையாகக் கம்பிகள் வைக்கச் சொன்னாள். வெல்டிங்காரர் எவ்வளவு இடைவெளி என்று கேட்டபோது, தன் கையை நீட்டிக் காட்டினாள். பிறகு அவளே தொங்கினாள். வலது கை, இடது கை, வலது கை. வாலு பார்த்தது, பின்னாலேயே வந்தது. பார்க்க வந்த பூங்கா ஊழியர்கள் கைதட்டினார்கள். கரடிக்காரர், “எங்கரடிக்கும் ரெண்டு பாடம் எடுங்கக்கா, சும்மா தூங்கியே உடம்பு ஏறுது” என்றார். வாரக்கணக்கில் நடந்த இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் அன்று எனக்குப் பெருமையோடு காட்டினாள்.

வாலு கம்பிகளில் வந்தது. அழகாகத்தான் வந்தது. ஆனால் நடுவில் நின்றது. ஒரு கையை விட்டு, நெற்றியிலிருந்து எதையோ காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. மறுபடி பிடித்தது. அடுத்த கம்பியை இறுகப் பிடித்த பிறகே இந்தக் கம்பியை விட்டது. கட்டைவிரலையும் சேர்த்துக்கொண்டது. உயரத்தில் பயம் வரும்போது மட்டும் அக்காவும் கட்டைவிரலைச் சேர்த்துப் பிடிப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மட்டும் என்றால் அடக்கியிருப்பேன். முதல்நாளிலிருந்து மூண்டிருந்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

“அக்கா, அது கிப்பன் மாதிரி ஆடலை. உன்னை மாதிரி ஆடுது.”

“அது இல்லை, அவ.”

“சரி, அவ. அவளுக்கு நெத்தியில முடி எங்க இருக்கு? ஒரு கம்பியையாவது விட்டுட்டுப் போறாளா பாரு. மகாராணி பறக்குது. இவ பஸ்ல போறா.”

பார்த்துக்கொண்டு நின்ற கரடிக்காரர் சிரித்துவிட்டார், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா வாலுவை மறுபடி முதல் கம்பிக்கு அனுப்பினாள். பார்த்தாள். மறுபடி அனுப்பினாள். அதே இடத்தில் நின்று, அதே இல்லாத முடியை, அதே காதுக்குப் பின்னால் தள்ளியது வாலு. அக்காவின் கை தன் நெற்றிக்குப் போய்ப் பாதியில் நின்றது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள் பேருந்தில் முதன்முறையாக உட்கார்ந்து வந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட முயன்றேன். வரவில்லை.

பெரிய கூண்டின் நடுவே இருக்கும் வெட்டவெளியை ஒன்றைப் பிடித்த பிறகு மற்றதை விட்டுக் கடக்க முடியாது, பறந்தால்தான் உண்டு. அக்கா குறுக்கே ஒரு கயிறு கட்டச் சொல்லி, வாலுவைப் பெரிய கூண்டுக்குள் விட்டாள். வாலு கயிற்றில் நிதானமாகப் போனது. மகாராணி பாய்ந்து வந்து அதை முகர்ந்தது, தலையைத் தடவியது. பிறகு மாப்பிள்ளை அடுத்த மரத்துக்குப் பறக்க, மகாராணியும் அதன் பின்னால் பறந்தது. வாலு கயிற்றின் நடுவில் தொங்கிக்கொண்டு கத்தியது. அக்கா ஏணி வைத்து ஏறி இடுப்பில் இறக்கிக்கொண்டு வந்தாள். மறுநாளும் அப்படியே. குடும்பம் குட்டிக்காக நிற்கும், ஆனால் எவ்வளவு நேரம் நிற்கும்?

“கயித்தை அவுக்கணும்மா” என்றார் டாக்டரம்மா. “நீங்களும் அவ கண்ணுல படக்கூடாது. நீங்க கீழ நின்னா அவ உங்களைத்தான் பாப்பா. எதிர்க்கிளையைப் பாக்க மாட்டா.”

“விழுந்தா?”

“கீழ வலை கட்டியிருக்கோமே.”

“விழுந்து பயந்துட்டா?”

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் அங்கே நின்றதே அவளுக்குக் கோபம் என்று நினைக்கிறேன்.

“எல்லாம் உன்னால. வந்ததும் வராததுமா வாயைத் தொறந்த. இவளுக்கு என்ன குறைச்சல் எங்கிட்ட?”

“நான் பாத்ததைச் சொன்னேன்.”

“பாத்தியாம். நீ ரெண்டு கையையும் விட்டுட்டுப் போனவடி. அம்மாவுக்கு உடம்பு முடியாதப்போ நீ எந்த மலையில இருந்தியோ. நான் ஒண்ணைப் பிடிக்காம இன்னொண்ணை விட்டதே இல்லை. எனக்குத் தெரிஞ்சதைத்தானே அவளுக்குச் சொல்லிக்குடுக்க முடியும்?” பிறகு குரல் இறங்கி, “உன்னைப் பாத்து எனக்கு எத்தனை நாள் வயித்தெரிச்சல் தெரியுமா? ஒரு போட்டோ அனுப்புவ. பனியில நிப்ப. நான் இங்க சாணி அள்ளிக்கிட்டு இருப்பேன்” என்றாள்.

இது எனக்குச் செய்தி. பொறாமை என்பது என் பக்கத்திலிருந்து மட்டும் ஓடும் ஆறு என்றே நினைத்திருந்தேன். டாக்டரம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றை அவிழ்த்த நாள் வெயில் நன்றாக அடித்தது. அக்காவும் நானும் தீவன அறைக்குள் இருந்தோம். அந்த அறையின் ஒரு சுவரில் சிறிய கம்பி ஜன்னல். அதற்குச் சாக்குத் திரை. மறு சுவரில் ஒரு சங்கிலி. பக்க அறைக்கும் பெரிய கூண்டுக்கும் நடுவே மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவு ஒன்று உண்டு. சங்கிலியைத் தளர்த்தினால் அது இறங்கும். இன்று முழுக்கத் திறந்தே இருக்கட்டும், பயந்தால் குட்டி திரும்பி ஓடிவரட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வாலு முதல் மரத்தின் கிளையில் உட்கார்ந்திருந்தது. வெட்டவெளிக்கு அப்பால் மகாராணி. மாப்பிள்ளை மேலே எங்கோ இலை பறித்துக்கொண்டிருந்தது. வாலு கயிறு இருந்த இடத்தைக் கையால் துழாவியது. இல்லை. கீழே பார்த்தது. அக்கா வழக்கமாக நிற்கும் இடம் காலி. “ஊ” என்றது.

அக்காவின் உடம்பு எழுந்துவிட்டது. நான் அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“கூப்பிடுறாடி.”

“கேக்குது.”

“அந்த மகாராணியைப் பாரு. ஒரு சத்தம், ஒரு சைகை, ஏதாவது குடுக்குறாளா? கல்லு மாதிரி உக்காந்திருக்கா. இவளா ஒரு அம்மா?” சாக்கின் ஓரத்தை முறுக்கினாள். “வாலு இன்னிக்குத் தாண்ட மாட்டாள்னு நினைக்கிறேன். சாயங்காலம் பசிச்சா எங்கிட்டயே வந்துடுவா. நாளைக்குப் பாத்துக்கலாம்.” அவள் குரலில் இருந்தது ஆசை என்று தெரிந்தது.

வாலு இன்னும் இரண்டு முறை கூப்பிட்டது. பிறகு நிறுத்தியது. கிளையின் நுனிக்கு வந்து ஒரு கையில் தொங்கியது. ஆடியது. எட்டாது என்று தெரிந்து திரும்பிக் கிளைமேல் ஏறிக்கொண்டது. அக்கா மூச்சை விட்டாள். மகாராணி அப்போது எழுந்தது. கிளையில் தொங்கி, வீசி, வெட்டவெளியைத் தாண்டி வந்து வாலுவின் பக்கத்தில் ஒரு நொடி தொங்கியது. வாலு அதன் இடுப்புக்குக் கையை நீட்டியது. மகாராணி இடுப்பைக் கொடுக்கவில்லை. திரும்பிப் பறந்து எதிர் மரத்தில் மாட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டது.

“ராட்சசி” என்றாள் அக்கா.

வாலு மறுபடி நுனிக்கு வந்தது. முழங்காலை மடக்கியது. ஒரு ஆட்டம், இன்னொரு ஆட்டம், இன்னும் பெரிதாக ஒன்று. இந்த முறை நெற்றிக்குக் கை போகவில்லை. உச்சியில், நான் வேண்டாம் என்று நினைத்த அதே கணத்தில், விட்டுவிட்டது.

காற்றில் அது மிகச் சிறியதாக இருந்தது. கைகள் இரண்டும் முன்னால். எதிர்க்கிளையில் இரண்டு விரல்தான் மாட்டியது, வழுக்கியது, கீழே இருந்த சிறு கிளையில் மற்றக் கை எப்படியோ கொக்கியாக விழுந்தது. முழுக் கிளையும் வளைந்து ஆடியது. வாலு ஒற்றைக் கையில் சுற்றிச் சுற்றித் தொங்கிற்று. மகாராணி இறங்கி வந்தது. நீளமான கையை வாலுவின் முதுகைச் சுற்றிப் போட்டு இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. வாலு அதன் மார்பு ரோமத்தில் முகத்தைப் புதைத்தது. மேலேயிருந்து மாப்பிள்ளை ஒரு இலையைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

வெளியே யாரோ கைதட்டப் போய், யாரோ அதட்டி அடக்குவது கேட்டது. காட்டில் காத்துக்கிடந்து நான் பார்க்காமல் விட்டது இதுதான். அக்காவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சாக்கை இழுத்து ஜன்னலை மூடினாள். எழுந்து மறு சுவருக்குப் போனாள். வாலு திரும்பி ஓடிவரும் அந்தக் கதவை யாரும் அவளை மூடச் சொல்லவில்லை, மாலைவரை நேரமிருந்தது. கொக்கியிலிருந்து சங்கிலியை எடுத்தாள். சும்மா விட்டால் அந்தக் கதவு தடாலென்று விழும். பூங்கா முழுவதும் கேட்கும். இரண்டு கைகளாலும் சங்கிலியைப் பிடித்து, ஒவ்வொரு வளையமாக, ஒன்றோடொன்று உரசாமல் விரலால் தாங்கித் தாங்கி, கதவு தரையைத் தொடுவது எனக்கே கேட்காத அளவுக்கு மெல்ல அதை இறக்கினாள்.